மாருத்துக்கு எஞ்சின் கிடைக்காத கதை

டெல்லி மெட்ரோவின் பிங்க் லைனில் எங்கள் பேட்டை ஸ்டேஷனுக்கு 'சர் விஸ்வேஸ்வரய்யா மோதி பாக்' என்று பெயர். 2018 ஆகஸ்டில் திறந்தார்கள். பெங்களூரில் கஸ்தூரிபா சாலைப் பக்கம் போனவர்களுக்கு அதே விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஒரு தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருப்பது தெரியும். அங்கே பழைய ஜெட் விமானம் ஒன்று நிற்கிறது. கூரான மூக்கு, பின்னால் சாய்ந்த இறக்கை, பார்த்தவுடன் 'அட, நம்ம ஊர்லயா செஞ்சாங்க?' என்று கேட்க வைக்கும் அழகு. அதன் பெயர் எச்.எஃப்-24 மாருத். பெங்களூர் வரை போக முடியாத டெல்லிக்காரர்கள் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும், அங்கேயும் ஒன்று உண்டு.

இந்த மாருத்தின் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எங்கள் குவார்ட்டர்ஸ் பையன்கள்தான்.

இப்போது பையன்களுக்கு ஃபோம் ஜெட் பைத்தியம். தெர்மோகோலுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு நுரைப் பலகை. அதை வெட்டி ஒட்டி ஜெட் வடிவம் செய்து, உள்ளே டக்டட் ஃபேன் என்று ஒரு சின்னக் காற்றாடியைக் குழாய்க்குள் பொருத்தி, ரிமோட்டில் பறக்க விடுகிறார்கள். (மோதி பாக்கில் பறக்கவிட ஆசைப்படாதீர்கள். பக்கத்திலேயே பாலம் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் அனுமதி இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஹரியானாப் பக்கம் ஏதாவது வயல்வெளி தேடித்தான் போக வேண்டும்.)

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனும் அவன் சகாக்களும் மலை மந்திர் படிக்கட்டில் உட்கார்ந்துகூட இதைத்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, ஃபேனை மாத்திட்டு மூணு செல்லுக்குப் பதிலா நாலு செல் பேட்டரி போட்டா போதும். பிச்சிக்கிட்டுப் போயிடும்!"

போகுமா? இந்தக் கேள்வியோடு இந்த நாடே அறுபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. அதனால் முதலில் ஃபோம், பிறகு மாருத்.

மூன்று செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட். நான்கு செல் 14.8 வோல்ட். மூன்றில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அதே மோட்டார், அதே காற்றாடி என்றால் சுற்று வேகம் கூடும்போது இழுக்கும் மின்சாரமும் கூடும். மொத்த சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கை எட்டிவிடும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்குத் தாங்காது, புகைந்துவிடும். அதையும் பெரிதாக்கினால் எடை கூடும். பேட்டரியும் கனம், ஆகவே எடை மையம் நகரும். எடை கூடினால் தரையிறங்கும் வேகமும் கூடும். இன்னொன்று, பெரிய ஃபேன் நிறையக் காற்று குடிக்கும். முன்வாய் சிறியதாக இருந்தால் மூச்சுத் திணறும். அதற்காகப் பையன்கள் வயிற்றுப் பக்கம் திருட்டு ஓட்டை போடுகிறார்கள்.

அப்புறம் கட்டுப்பாட்டுப் பரப்புகள். இறக்கையின் ஓரத்தில் அசையும் எய்லரான், வாலில் எலிவேட்டர், நிமிர்ந்த வாலில் ரடர். சாதாரணக் காற்றாடி விமானத்தில் மூக்கிலிருந்து வரும் காற்று வாலில் அடித்துக்கொண்டே இருக்கும், அதனால் மெதுவாகப் போனாலும் வால் பேச்சைக் கேட்கும். ஜெட்டில் அந்த வசதி கிடையாது. காற்று குழாய்க்குள் புகுந்து பின்னால் போய்விடுகிறது. ஆகவே கையிலிருந்து விட்ட முதல் இரண்டு நொடிகளுக்கு எலிவேட்டர் பெயருக்குத்தான் இருக்கும். சரி, பரப்பைப் பெரிதாக வெட்டலாமே என்றால், வேகம் இரண்டு மடங்கானால் அதன் மேல் விழும் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கு. சின்ன சர்வோ திணறும், ஃபோம் கீல் படபடவென்று அடித்துப் பிய்த்துக்கொள்ளும். எஞ்சினைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும் என்பது முதல் பாடம்.

இனி மாருத்.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தான ஆதரவோடு பெங்களூரில் தொடங்கியதுதான் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், இன்றைய எச்.ஏ.எல். சுதந்திரத்துக்குப் பிறகு டாக்டர் காட்கே தலைமையில் அங்கே உருவான எச்.டி-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. ஒற்றைக் காற்றாடி, இரண்டு பேர் உட்காரலாம், நல்ல விமானம். அதற்கு ஐந்தே வருஷம் கழித்து நாம் செய்ய ஆசைப்பட்டது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் ஜெட். சைக்கிள் கற்றுக்கொண்ட பையன் நேராக மவுண்ட் ரோட்டில் புல்லட் ஓட்டுகிறேன் என்று சொன்ன மாதிரி.

அதற்காக நேரு காலத்து அரசு அழைத்து வந்தவர் கூர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் பெரோனுக்காக ஒரு ஜெட் செய்துகொண்டிருந்தார். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, அந்தக் கடையும் சாத்தப்பட்டது. 1956-ல் சுமார் 18 ஜெர்மானியப் பொறியாளர்களோடு பெங்களூர் வந்து சேர்ந்தார்.

டாங்க் செய்த முதல் காரியம் எங்கள் குவார்ட்டர்ஸ் பையன்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். ஜெட் செய்வதற்கு முன் அதே அளவில், அதே வடிவில், மரத்தால் எஞ்சின் இல்லாத ஒரு கிளைடர் செய்தார்கள். 1959-ல் ஒரு டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டது. இறங்கும்போது கட்டுப்பாட்டுப் பரப்புகள் எப்படிக் கேட்கின்றன, எந்த வேகத்தில் தொய்கிறது என்று பல பறப்புகளில் அளந்தார்கள். அதாவது விமானத்தின் உடம்பும் வாலும் இறக்கையும் காகிதத்தில் மட்டுமல்ல, காற்றிலும் சோதிக்கப்பட்டுவிட்டன. உடம்பு பாஸ்.

1961 ஜூன் 17 அன்று எஞ்சினோடு முதல் மாருத் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ், விமானப்படையின் சோதனை விமானி. ஆசியாவில் சோவியத் யூனியனை விட்டுப் பார்த்தால், போருக்குப் பிந்தைய ஒலிவேகப் போர் விமான முயற்சிகளில் இதுவும் ஒரு முன்னோடி.

எங்கே இடித்தது? எஞ்சினில்.

டாங்க் கணக்குப் போட்டது பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினுக்கு. ஆஃப்டர்பர்னரோடு ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ தள்ளும். (ஆஃப்டர்பர்னர் என்றால் எஞ்சினுக்குப் பின்னால் குழாயில் இன்னொரு முறை எரிபொருளைக் கொட்டிப் பற்றவைப்பது. பெட்ரோல் தண்ணியாய்ச் செலவாகும், ஆனால் உதை பலமாய்க் கிடைக்கும்.) அப்படி இரண்டு. ஆனால் அந்த எஞ்சின் முடிவதற்குள் பிரிட்டனுக்கே அது தேவையில்லை என்றாகிவிட்டது. முடித்துத் தர வேண்டுமானால் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற நிலை. டெல்லி ஏற்கவில்லை.

கடைசியில் மாருத்துக்குள் போனது ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703. ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ. இரண்டும் சேர்ந்து 4,400. வேண்டியதோ 7,400. நாலு பேர் இழுக்க வேண்டிய தேருக்கு இரண்டரை ஆள் கிடைத்த கணக்கு. இரண்டு மடங்கு ஒலிவேகத்துக்காகச் செதுக்கிய உடம்பு, ஒலிவேகத்தை எட்டிப் பிடிக்கவே மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் நடந்தது பெரிய அளவிலான 'ஃபேனை மாத்திப் பார்ப்போம்' வேலை. சோவியத் எஞ்சின்களைப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. எகிப்தில் நாசர் ஆட்சியில் எச்.ஏ-300 என்ற ஜெட்டும், அதற்காக ஆஸ்திரியப் பொறியாளர் பிராண்ட்னர் தலைமையில் இ-300 என்ற எஞ்சினும் உருவாகிக்கொண்டிருந்தன. இந்தியா அதில் கை கோத்தது. 1964-ல் அந்த எகிப்து விமானத்தை முதன்முதலில் ஓட்டியவரே ஓர் இந்திய விமானிதான், கபில் பார்கவா. ஒரு மாருத்தை எகிப்துக்கு அனுப்பி, ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் இ-300 மாட்டி 1967-ல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த வருஷமே அரபு-இஸ்ரேல் போர். எகிப்தின் பணமும் மனமும் வேறு பக்கம் போனது. 1969-ல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் பெங்களூரின் ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம், இருக்கிற ஆர்ஃபியஸ் 703-க்கே நாமே ஆஃப்டர்பர்னர் செய்து மாட்டிவிடலாம் என்று இறங்கியது. அதற்காக மாருத்தின் பின்பகுதியையும் மாற்றினார்கள். 1970 ஜனவரி 10 அன்று அந்த வகை விமானம் பெங்களூரில் புறப்படும்போது விழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். முதல் மாருத்தை வானத்துக்குக் கொண்டுபோன அதே மனிதர். அவரோடு அந்த முயற்சியின் உயிரும் போயிற்று என்று சொல்லலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். அதே ஆர்ஃபியஸ் குடும்பத்து எஞ்சின் இன்னொரு விமானத்தில் சக்கைப்போடு போட்டது. அது நேட். பிரிட்டனில் டெடி பெட்டர் வடிவமைத்த குட்டி ஜெட். இறக்கை நுனிக்கு நுனி 6.7 மீட்டர்தான். 1956-ல் உரிமம் வாங்கி எச்.ஏ.எல். பெங்களூரில் செய்தது. ஒரே ஒரு ஆர்ஃபியஸ், சுமார் 2,050 கிலோ தள்ளுவிசை. விமானத்தின் உச்ச எடை சுமார் நான்கு டன். கிட்டத்தட்ட பதினொரு டன் வரை சுமந்த மாருத்துக்கு இரண்டு எஞ்சினும் சேர்ந்து 4,400 கிலோ. வகுத்துப் பாருங்கள், நேட்டுக்கு ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ உதை, மாருத்துக்கு 400 கிராம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு நேட் சிம்ம சொப்பனமானதன் ரகசியத்தில் பாதி இந்த வகுத்தல் கணக்குதான். மீதிப் பாதி விமானிகள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் தனியாகப் போராடி உயிர்விட்டு பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நேட்தான்.

நேட்டுக்கு எஞ்சின் சரி, கட்டுப்பாட்டில்தான் தகராறு. இடத்தை மிச்சப்படுத்த எய்லரானையே இறங்கும்போது ஃபிளாப்பாகக் கீழே தொங்கவிடுவார்கள், சக்கரக் கதவுகளே காற்றுத் தடையாக வேலை செய்யும். (ஃபோம் பையன்கள் ஒரே பரப்பை இரண்டு வேலைக்கும் வைத்து 'ஃபிளாப்பரான்' என்று பெருமை அடிப்பது இதைத்தான்.) ஆனால் மூக்கை மேலே கீழே ஆட்டும் வால் கட்டுப்பாடு தொடர்ந்து தொல்லை கொடுத்தது. எச்.ஏ.எல். 1970களில் உட்கார்ந்து அதைச் சீர்செய்து, எரிபொருளை இறக்கைக்குள் வைத்து, 1975-ல் 'அஜீத்' என்று பறக்கவிட்டது. (நம்ம தல இல்லை. ஆனால் அவருக்கும் ரிமோட் விமானப் பைத்தியம் உண்டு என்பது ஊருக்கே தெரியும் :-))

நேட்டுக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ஒரு ராமேஸ்வரத்து இளைஞர் 1958-ல் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்ப இயக்குநரகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். அங்கிருந்து அவரைக் கான்பூருக்கு அனுப்பினார்கள். நம் நாட்டு வெயிலுக்கு நேட் தாங்குமா என்று அங்கே நடந்த சோதனையில் பங்கெடுத்தார். பெயர் சொல்ல வேண்டுமா, அப்துல் கலாம். எம்.ஐ.டி.யில் படிக்கும்போது நான்கு நண்பர்களோடு ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைத்தபோது, அவர் பங்குக்கு வந்தது காற்றியக்க வடிவம். எஞ்சின் ஒருவருக்கு, கட்டுப்பாடு ஒருவருக்கு, கட்டமைப்பு ஒருவருக்கு என்று மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் விமானம் பறக்காது என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொடுத்த வாத்தியார்கள் இருந்தார்கள்.

சரி, மாருத் தோல்வியா? அப்படி ஒற்றை வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி வகையும் சேர்த்து 147 விமானங்கள் கட்டினோம். 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத் தாக்குதலுக்குப் போனது. வான்சண்டையில் ஒரு மாருத்கூட விழவில்லை, இழந்தது தரையிலிருந்து சுட்டதாலும் தரையில் நின்றதாலும்தான். இரண்டு எஞ்சின் இருந்ததால் ஒன்று அடிபட்டும் ஊர் திரும்பியவை உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கட்டுப்பாடு செத்துப்போனாலும் விமானி கையாலேயே இழுத்து ஓட்டும்படி டாங்க் வைத்திருந்த மாற்று ஏற்பாடும் பெரிய பலம். உடம்பும் கட்டுப்பாடும் எவ்வளவு நன்றாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1980களில் படிப்படியாக ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த தலைமுறை மாருத் வரவே இல்லை.

யார்மேல் பழி? அன்றைய டெல்லி அதிகாரிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் 1957-58-ல் நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. இன்னும் முடியாத ஓர் எஞ்சினுக்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் பவுண்டாக எண்ணிக் கொடுப்பது அன்று சின்ன முடிவல்ல. கையில் இல்லாத எஞ்சினை நம்பி ஏன் விமானம் வரைந்தார் என்று டாங்கையும் கேட்கலாம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் வரைந்தார்கள், உடம்பும் எஞ்சினும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. வித்தியாசம் என்னவென்றால், மற்ற இடங்களில் எஞ்சினும் அவர்கள் வீட்டுப் பிள்ளை. நமக்கு அது இரவல்.

இந்த இரவல் கதை தேஜஸிலும் தொடர்ந்தது. இம்முறை கட்டுப்பாட்டுப் பரப்புகளில் நாம் பெரிய பரீட்சை எழுதினோம். தேஜஸுக்குப் பின்வால் இறக்கை கிடையாது. முக்கோண இறக்கையின் ஓரத்திலுள்ள எலிவான்களே எலிவேட்டர் வேலையும் எய்லரான் வேலையும் பார்க்கின்றன. அதோடு வேண்டுமென்றே தள்ளாட்டமாக வடிவமைத்தது. கம்ப்யூட்டர் நொடிக்குப் பல முறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் பறக்கும். அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்காவில் உட்கார்ந்திருந்த நம் பொறியாளர்களை, 1998 அணுகுண்டு சோதனைக்குப் பிறகு தடை போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்து தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் ஓட்ட, தேஜஸ் பறந்தது. அடுத்த 23 வருஷம் ஒரு தேஜஸ்கூட விபத்தில் போகவில்லை, முதல் விபத்து 2024 மார்ச்சில்தான். கட்டுப்பாட்டுப் பாடத்தில் நாம் டிஸ்டிங்ஷன்.

எஞ்சின் பாடத்தில்? 1989-ல் அனுமதி பெற்ற 'காவிரி' எஞ்சினை 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். காவிரித் தண்ணீர் மாதிரியே காவிரி எஞ்சினும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. கோயம்புத்தூர் சூலூரில் நிற்கும் தேஜஸ்களுக்குள் இருப்பது அமெரிக்க ஜி.இ. எஃப்-404. 2021-ல் விமானப்படை 83 தேஜஸ் மார்க்-1ஏ கேட்டது. அதற்கான எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். நடுவில் தயாரான உடம்புகள் எஞ்சினுக்காகக் காத்திருந்தன. 1961-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

சீனாக்காரனுக்கும் இது சுலபமாக வாய்க்கவில்லை. அவர்களுடைய ஜே-10 விமானம் பல வருஷம் ரஷ்ய எஞ்சினில்தான் ஓடியது. சொந்த எஞ்சினை நம்பி மாட்ட அவர்களுக்கும் தலைமுறைக் காலம் பிடித்தது. ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் தகடுகள், அவை செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தையும் தாண்டிய காற்றில் நின்று வேலை செய்கின்றன. அதற்கான உலோகம், வார்ப்பு, குளிர்விக்கும் நுண்துளைகள், இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள். உடைத்து உடைத்துத்தான் கற்க வேண்டும். உடைய விடுவதற்குப் பணமும், இருபது வருஷம் ஒரே வேலையில் உட்காரும் ஆட்களும் வேண்டும்.

இதைத்தான் புலம்பெயர்ந்த நம் குடும்பங்களோடு பேச விரும்புகிறேன். பிள்ளைக்குக் கணக்கு வந்தால் கம்ப்யூட்டர், இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் என்பது டெல்லியானாலும் டல்லாஸானாலும் நம் வீட்டு விதி. விமானத்தின் மென்பொருளை நாம் ஜெயித்ததில் அந்த விதிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலோகத்தோடும் வெப்பத்தோடும் மல்லுக்கட்டும் படிப்பை 'ஸ்கோப் இல்லை' என்று தள்ளிவிட்டு, எஞ்சின் ஏன் வரவில்லை என்று கேட்க நமக்கு என்ன உரிமை? என் பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் மோட்டாரைக் கையில் வாங்கு, எடை போடு, எவ்வளவு தள்ளுகிறது என்று சமையலறைத் தராசில் அளந்து பார், அதற்கு அப்புறம் ஃபோமை வெட்டு. இப்போது தராசு எங்கள் சமையலறையில் இல்லை, அவன் மேஜையில் இருக்கிறது. என் மனைவி அளவு பார்க்காமலே மாவு கரைக்கிறாள்.

விடுமுறைக்குச் சென்னை போனால் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அங்கேயும் ஒரு மாருத் உண்டு. முன்னால் நின்று போட்டோ எடுத்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய் அந்த இரண்டு எஞ்சின் வாய்களையும் காட்டுங்கள். பெரிய உடம்புக்குச் சின்ன வாய்கள். கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பெங்களூரில் பழைய விமான நிலையப் பக்கம் சுரஞ்சன் தாஸ் சாலை என்று ஒன்று உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் அதன் வழியே ஆபீஸ் போய் வருகிறார்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் கிடைக்காத ஒரு நல்ல விமானத்துக்கு எப்படியாவது எஞ்சின் கொடுத்துவிட வேண்டும் என்று போனவர் அவர்.